லவ் கேக்: விடுமுறைக்குச் சொந்தங்கள் கூடும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை பிறந்தால் கொழும்பில் பல வீடுகளுக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போனவர்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும் காலம் அது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும் ஆடிவேல் என்ற முருகன் திருவிழாவும் அதே சமயத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே வீட்டில் கூடுவது என்று முடிவாகும். "லவ் கேக் யார் செய்யிறது?" என்ற கேள்வி கூடவே வரும். ரவை, கஜு (முந்திரிப் பருப்பு), நிறைய முட்டை, சீனி சேர்த்துச் சுடும் இலங்கைக் கேக் அது. முன்பு அந்தப் பொறுப்பு அம்மம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ போகும். இப்போது அது அடுத்த தலைமுறையின் கைக்கு வந்திருக்கிறது. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதில்களோடு எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அன்றைக்குச் செய்து அன்றைக்கே பரிமாறும் கேக் இல்லை. விருந்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சுட்டு வைத்துவிடுங்கள். கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

லவ் கேக் கிறிஸ்மஸ் பலகாரம் அல்லவா? இந்த வெயிலில் செய்யலாமா?

கொட்டாஞ்சேனைப் பக்கம் கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் இருக்கும், உண்மைதான். ஆனால் கல்யாணம், பிறந்தநாள், விருந்து என்று சைவ வீடுகளிலும் செய்கிறார்கள். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீட்டிலும் சிங்களவர் வீட்டிலும் உண்டு. அதைக் காலத்தோடு கட்டிவைக்கத் தேவையில்லை.

வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கேக் எனக்குத் தெரியவில்லை. ஐசிங் இல்லை, கிரீம் இல்லை, எனவே உருகி வழிய எதுவும் இல்லை. சீனி நிறைய இருப்பதால் சாதாரண பட்டர் கேக்கைவிடக் கூடிய நாள் கெடாமல் இருக்கும். துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைத்தால் மாலை முழுவதும் வருகிறவர்கள் எடுத்துக்கொண்டே இருக்கலாம். கத்தியோடு ஒருவர் மேசையருகே நிற்க வேண்டியதில்லை.

இது எங்கிருந்து வந்தது?

போர்த்துக்கீசர் வழியாக வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1656இல் ஒல்லாந்தர் பிடிக்கும்வரை கொழும்பு அவர்கள் கையில் இருந்தது. மஞ்சட்கருவும் சீனியும் அள்ளிப் போட்டு இனிப்புச் செய்வது அவர்களுடைய வழக்கம். கஜு மரமே பிரேசிலிலிருந்து அவர்கள் கொண்டுவந்து இந்தப் பக்கத்தில் பரப்பியதுதான். கறுவாவும் ஏலமும் சாதிக்காயும் இந்தத் தீவின் கைவண்ணம். இன்று கறுவாத் தோட்டம் என்று அழைக்கப்படும் கொழும்பு 7 ஒல்லாந்தர் காலத்தில் உண்மையிலேயே கறுவா பயிரிட்ட நிலம். அந்தப் பக்கம் போகும்போது வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கேக்கின் மேல் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அக்கறை வரும்.

சரி, அளவு சொல்லுங்கள்.

30 சென்டிமீற்றர் நீளமும் 20 சென்டிமீற்றர் அகலமும் உள்ள ஒரு ட்ரேக்கு நான் எடுக்கும் அளவு இது. ரவை 250 கிராம், பட்டர் 200 கிராம், சீனி 450 கிராம், மஞ்சட்கரு 10, வெள்ளைக்கரு 5, கஜு 300 கிராம், பூசணித் தோசி 250 கிராம். இவற்றோடு தேன் மூன்று மேசைக்கரண்டி, பன்னீர் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய்த் தூள் ஒரு தேக்கரண்டி, கறுவாத் தூள் ஒரு தேக்கரண்டி, சாதிக்காய் துருவி அரைத் தேக்கரண்டி, ஒரு தேசிக்காயின் பச்சைத் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. விருப்பமிருந்தால் ஆமண்ட் எசன்ஸ் சில துளி. அதற்கு மேல் போட்டால் மற்ற வாசனை எல்லாம் அடிபட்டுப் போகும்.

பேக்கிங் பவுடர் இல்லை. மறந்து விட்டுப்போகவில்லை, இந்தக் கேக்குக்கு அது வேண்டாம். அடித்துச் சேர்க்கும் வெள்ளைக்கரு தருகிற எழுச்சியே போதும்.

அம்மம்மாவின் கொப்பியில் எல்லாம் இறாத்தலிலும் அவுன்சிலும் இருக்கிறது. முட்டை 25 என்று வேறு எழுதியிருக்கிறார். அப்படியே செய்ய வேண்டுமா?

ஒரு இறாத்தல் என்பது கிட்டத்தட்ட 454 கிராம். ஒரு அவுன்ஸ் 28 கிராம். கணக்குப் போட்டுப் பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பழைய எழுத்தின் மேல் எழுதாதீர்கள்.

பழைய குறிப்புகள் பெரும்பாலும் பெரிய குடும்பத்துக்கான அளவு. 25 முட்டை என்றால் அதோடு இரண்டு இறாத்தல் சீனியும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லாவற்றையும் பாதியாக்கலாம். முட்டையை மட்டும் குறைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால் கேக் காய்ந்து உதிரும்.

அம்மம்மா இன்னும் இருக்கிறார் என்றால் கொப்பியைவிட அவரையே நம்புங்கள். ஒரு நாள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் கண் அளவில் போடுகிற ஒவ்வொன்றையும் போடுமுன் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். "கொஞ்சம்" என்பது 40 கிராமா 90 கிராமா என்பது அப்போதுதான் தெரியும். விருந்தாளிகள் வந்த பிறகு இதற்கு நேரம் கிடைக்காது. இப்போதே செய்யுங்கள்.

கஜு விலை கையைக் கடிக்கிறது. பாதிக்குக் கச்சான் (நிலக்கடலை) போடலாமா?

வேண்டாம். கச்சானின் வாசனை பன்னீரையும் ஏலத்தையும் அமுக்கிவிடும். அப்படிச் செய்தால் வேறொரு கேக் கிடைக்கும், லவ் கேக் கிடைக்காது.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. எப்படியும் நறுக்கத்தானே போகிறோம், முழுக் கஜு எதற்கு? உடைந்த கஜுவை வாங்குங்கள். சுவை ஒன்றுதான், விலை குறைவு. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மொத்தக் கடைகளில் கேட்டால் தருவார்கள். கண்டிக்குப் போய்வருகிற சொந்தக்காரர்கள் இருந்தால், பஸ்யாலைக்கு அருகே வீதியோரத்தில் கஜுகமவில் பெண்கள் விற்கும் கஜுவை வாங்கிவரச் சொல்லுங்கள். எங்கே வாங்கினாலும் ஒன்றைக் கடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய எண்ணெய் வாசம் லேசாக அடித்தாலும் விட்டுவிடுங்கள், அந்த வாசம் சுட்ட பிறகும் போகாது.

கஜுவை மிக்ஸியில் அடித்துவிடலாமா?

மிக்ஸியில் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினாலும் ஒரு பகுதி மாவாகும், அதில் எண்ணெய் விடும். மாவான கஜு கேக்கைக் கனமாக்கும். கத்தியால் நறுக்குங்கள். பச்சைப் பயறு அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும், எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை.

300 கிராம் கஜுவை ஒருவர் தனியாக நறுக்குவது அலுப்பான வேலைதான். அதனால்தான் சொல்கிறேன், சொந்தங்கள் வந்திறங்கிய பிறகு செய்யுங்கள். ஹோலில் பத்திரிகை விரித்து நாலு பலகை, நாலு கத்தி வைத்து மாமி, மச்சாள், வளர்ந்த பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவையுங்கள். யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் காணி விற்றது, எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்ற கதையெல்லாம் வெளியே வருவது அந்த நேரத்தில்தான். விருந்தன்று அறுபது பேர் நடுவில் அப்படிப் பேச முடியாது. கடையில் லவ் கேக் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மாலை நேரம் கடையில் கிடைக்காது.

பூசணித் தோசி என்றால் என்ன? கட்டாயம் வேண்டுமா?

நீற்றுப்பூசணிக்காயைத் துண்டாக்கிச் சீனிப் பாகில் காய்ச்சி எடுப்பது. சிங்களத்தில் புகுல் தோசி என்பார்கள், கடையில் அந்தப் பெயரில் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். கேக்கின் உட்பகுதி பல நாளைக்கு ஈரமாக இருக்க இதுதான் முக்கிய காரணம். எனவே ஆம், வேண்டும்.

வீட்டிலும் செய்யலாம். தோலையும் விதையையும் உள்ளிருக்கும் பஞ்சையும் நீக்கி, துண்டாக்கி, முள்ளுக்கரண்டியால் குத்தி, தண்ணீரில் கண்ணாடிபோலத் தெரியும்வரை அவிய விடுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, துண்டுகளின் எடைக்குச் சம எடை சீனியில் பாகு காய்ச்சி அதில் போட்டு மெல்லிய நெருப்பில் வற்ற விடுங்கள். ஒரு இரவு பாகிலேயே ஊறவிட்டு மறுநாள் மீண்டும் சூடாக்கி வற்றவைத்தால் இன்னும் நல்லது.

வெளிநாட்டில் செய்கிறவர்கள் இந்தியக் கடைகளில் கிடைக்கும் பேட்டாவைப் பயன்படுத்தலாம், அதுவும் நீற்றுப்பூசணிதான். பாகை நன்றாக வடித்து, கஜு அளவுக்கே நறுக்குங்கள். பெரிய துண்டாகப் போட்டால் வெட்டும்போது கேக் உடையும்.

எந்த ரவை?

சின்ன ரவை. பெரிய ரவை என்றால் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கலாம். நிறம் மாறாமல் மெல்லிய சூட்டில் வறுத்து, இளஞ்சூடாக இருக்கும்போதே பட்டரோடு கலந்து வைத்துவிடுங்கள். ரவை ஊற நேரம் கொடுக்காமல் சுட்டால் வாயில் மணலாகத் தட்டுப்படும்.

பட்டருக்குப் பதில் மாஜரின்?

பாதிக்குப் பாதி போடுகிற வீடுகள் உண்டு, கேக் வரும். முழுவதும் மாஜரின் என்றால் இரண்டாம் நாளே வித்தியாசம் தெரியும். இத்தனை கஜு வாங்கிவிட்டுப் பட்டரில் கைவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. உப்புப் பட்டர் என்றால் தனியாக உப்புப் போடாதீர்கள்.

கோயிலுக்கு வாங்கிய பன்னீர் வீட்டில் இருக்கிறது. அதைப் போடலாமா?

கூடாது. கல்யாணத்திலும் கோயிலிலும் தெளிக்கிற பன்னீர் சாப்பிடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. போத்தலில் உணவுக்கானது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். கேக் பொருட்கள் விற்கும் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கும்.

செய்முறையை ஒழுங்காகச் சொல்ல முடியுமா?

முதல் நாள் மாலையிலேயே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். ரவையை வறுத்துப் பட்டரில் கலந்து மூடிவையுங்கள். நறுக்கிய கஜுவில் தேன், பன்னீர், ஏலம், கறுவா, சாதிக்காய், தேசிக்காய்த் தோல் எல்லாம் சேர்த்துக் கிளறி இன்னொரு பாத்திரத்தில் மூடிவையுங்கள். இரவு முழுதும் கஜு அந்த வாசனையில் ஊறும். தோசியையும் நறுக்கித் தயாராக வைத்துவிட்டால் காலையில் முட்டை வேலை மட்டும்தான் மிச்சம்.

காலையில், வெயில் ஏறுவதற்கு முன், முட்டைகளைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கருவையும் வெள்ளையையும் பிரியுங்கள். குளிராக இருக்கும்போது மஞ்சட்கரு உடையாது. பிரித்த பிறகு அரை மணிநேரம் வெளியே இருக்கட்டும், சூடு கொஞ்சம் ஏறினால் வெள்ளைக்கரு நன்றாக நுரைக்கும். வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு பொட்டுக்கூட விழக்கூடாது, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக்கூடாது.

கடையில் வாங்கும் சீனி பருமனாக இருக்கும். பாதியை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். மஞ்சட்கருவும் சீனியும் வெளிர் மஞ்சளாக, தடிப்பாக வரும்வரை பீட்டரால் அடியுங்கள். சீனி முழுவதும் கரையாது, கரையவும் தேவையில்லை. ரவைக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடியுங்கள். இந்தக் கலவைக்குப் பீட்டர் வேலை இதோடு முடிந்தது. கஜுவையும் தோசியையும் மரக்கரண்டியால் கலவுங்கள்.

இப்போது கழுவித் துடைத்த பீட்டரால் ஐந்து வெள்ளைக்கருவையும் பாத்திரத்தைச் சாய்த்தால் நகராத அளவுக்கு நுரைக்க அடியுங்கள். மூன்றில் ஒரு பங்கை முதலில் சேர்த்துக் கலவையை இளக்கிவிட்டு, மீதியை அடியிலிருந்து மேலாக மெதுவாகப் பிரட்டிச் சேர்க்க வேண்டும். கையை வேகமாக ஓட்டினால் நுரை அடங்கிவிடும்.

ட்ரேயைத் தயார் செய்வதைக் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள். அடியிலும் பக்கங்களிலும் பிரவுன் பேப்பர் மூன்று நாலு மடிப்பு, அதன் மேல் பட்டர் தடவிய ஒயில் பேப்பர் இரண்டு மடிப்பு. அந்தக் காலத்தில் பத்திரிகைத் தாளைத்தான் அடியில் போடுவார்கள், மை இல்லாத தாள் நல்லது. இத்தனை தாளும் வீண் என்று நினைக்க வேண்டாம். சீனி இவ்வளவு உள்ள கலவை ஒரு மணிநேரத்துக்கு மேல் சூட்டில் இருக்கப்போகிறது. தாள் இல்லாவிட்டால் நடு வேகுமுன் அடி கருகிவிடும்.

ஒவனை முன்பே 150 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, ட்ரேயை நடுத் தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். ஒன்றேகால் மணிநேரம் அளவில் ஆகும்.

கொழும்புச் சூட்டில் பட்டர் உருகி ஓடுகிறதே?

பட்டர் உருகத் தொடங்குவது 32 பாகை வாக்கில். மதியம் சமையலறையில் அந்தச் சூடு சாதாரணமாக இருக்கும். அதனால்தான் காலையில் செய்யச் சொன்னேன். ரவையில் கலந்து இரவு வைத்திருந்த பட்டர் காலையில் எண்ணெயாகத் தெரிந்தால், பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் இருத்திக் கிளறுங்கள். மறுபடி இறுகி வரும். பிரிட்ஜில் இரவு முழுதும் வைத்துவிட்டால் கல்லாகிவிடும், அடிக்க முடியாது.

என்னுடையது மேசையில் வைக்கும் சின்ன ஒவன். மேல் கறுத்து உள்ளே பச்சையாக இருக்கிறது.

சின்ன ஒவனில் மேற்கம்பி கேக்குக்கு மிகக் கிட்ட இருக்கும். கடைசித் தட்டில் வையுங்கள். மேல் நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். சூட்டை 140 பாகைக்கு இறக்கி நேரத்தைக் கூட்டலாம். ஒவனுக்குள் வைக்கிற சின்னத் தெர்மோமீற்றர் ஒன்று வாங்கிக்கொண்டால் பெரிய உதவி. திருகியில் 150 என்று காட்டும்போது உள்ளே 180 இருப்பது இந்தச் சின்ன ஒவன்களில் சாதாரணம்.

இரண்டு ட்ரே என்றால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுங்கள். ஆனால் இரண்டாவதற்கான வெள்ளைக்கருவை முதலாவது வெளியே வரும் நேரத்தில்தான் அடிக்க வேண்டும். அடித்து வைத்த நுரை காத்திருக்காது.

ஒவனே இல்லை என்றால்?

அக்கம்பக்கத்துப் பேக்கரியில் கேளுங்கள். ட்ரேயைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சுட்டு வாங்குவது நம்முடைய பழைய வழக்கம்தான். பாண் சுடும் சூடு இதற்கு அதிகம், பாண் இறக்கிய பிறகு சூடு தணிகிற நேரம் கேட்டு அதற்கேற்பப் போங்கள். அதுவும் சரிவராவிட்டால் லவ் கேக்கை விட்டுவிட்டு வட்டிலப்பம் அவியுங்கள். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய் இருந்தால் போதும், இட்லிப் பானையிலேயே வேலை முடிந்துவிடும். பிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுத்தால் வெயிலுக்கு அதுவும் அருமை. அவித்துச் செய்யும் லவ் கேக் என்று ஒன்றை முயல வேண்டாம், அந்த மொறுமொறுப்பான மேல்தோல் வராது.

சுட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததைப் பார்த்த ஊர் இது, இந்தக் கேள்வி நியாயமானது. ஒவன் கதவைத் திறக்காதீர்கள். அரை மணிநேரத்துக்குள் கரண்ட் வந்தால் உள்ளிருக்கும் சூடே பெரும்பாலும் காப்பாற்றிவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். போகும் என்று முன்பே தெரிந்தால் காஸ் ஒவன் உள்ள சொந்தக்காரர் வீட்டில் செய்யுங்கள்.

வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? குச்சி சுத்தமாக வரவில்லை.

வரக்கூடாது. குச்சி சுத்தமாக வரும்வரை வைத்தால் கேக் காய்ந்துவிட்டது என்று பொருள். ஈரப் பொருக்கு ஒட்டிக்கொண்டு வரலாம், வழிகிற மாவு வரக்கூடாது. மேல் பொன்னிறம் தாண்டிக் கபில நிறமாகி, விரலால் தொட்டால் மெல்லிய ஓடு போல இறுகி இருக்கும். ட்ரேயை மெதுவாக ஆட்டும்போது நடு தளும்பாவிட்டால் எடுத்துவிடலாம். முதல் 45 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், நடு இறங்கிவிடும்.

சீனியைப் பாதியாக்கலாமா? வீட்டில் சலரோகக்காரர் நாலு பேர்.

100 கிராம் வரை குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் மேலோடு வராது, ஈரம் நிற்காது, கெடாமல் இருக்கும் நாளும் குறையும். இந்தக் கேக்கில் சீனி இனிப்புக்காக மட்டும் இல்லை.

சலரோகம் உள்ளவர்களுக்கு இது ஏற்ற பலகாரமல்ல என்பதை மறைக்கக்கூடாது. துண்டைச் சின்னதாக வெட்டுங்கள். சீனி போடாத வெறும் தேத்தண்ணியோடு கொடுங்கள், மற்றவர்களுக்கும் அதுதான் பொருத்தம். "இண்டைக்கு ஒரு நாள்தானே, சாப்பிடுங்கோ மாமா" என்று வற்புறுத்துகிறவர்களை மட்டும் தடுத்துவிடுங்கள். அவருக்கு எவ்வளவு சரி என்று அவருக்குத் தெரியும்.

சிலர் முட்டை சாப்பிட மாட்டார்கள். முட்டை இல்லாத லவ் கேக் உண்டா?

நான் செய்ய மாட்டேன். பத்து மஞ்சட்கருவால் நிற்கிற ஒன்றிலிருந்து அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இனிப்பு ரவைதான். ஆடி மாதம், விரதக்காரர் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கென்று தொதலோ மஸ்கற்றோ வேறு தட்டில், வேறு கத்தியோடு வையுங்கள், இரண்டிலும் முட்டை இல்லை. ரவையும் நெய்யும் கஜுவும் வீட்டில் இருக்கும்போது கேசரி கிண்டவும் நேரமாகாது. அழைப்புச் சொல்லும்போதே யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டுவிடுவது மரியாதை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். இதில் தேன் இருக்கிறது, அந்த வயதுக்குத் தேன் ஆபத்து. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளில் சிலருக்குக் கஜு ஒவ்வாமை இருக்கும். தாய் தகப்பனிடம் கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் ஊட்ட வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் கஜு நறுக்கிய பலகை, கத்தி, விரித்த பத்திரிகை எல்லாவற்றையும் உடனே அகற்றிக் கழுவிவிடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இதை நாகரிகப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, உயிர் போகிற விஷயம்.

பச்சை முட்டைக் கலவையைப் பிள்ளைகள் வழித்து நக்குவதையும் விடாதீர்கள்.

அறுபது பேருக்கு எத்தனை ட்ரே?

இரண்டு. ஒரு ட்ரேயை ஒன்றரை அங்குலச் சதுரமாக வெட்டினால் 40 துண்டு வரும். இரண்டு என்றால் 80. ஆளுக்கு ஒன்று போக, வர முடியாதவர்களுக்குக் கட்டிக் கொடுக்கவும் இருக்கும்.

வெட்டினால் உதிர்கிறது.

சூட்டோடு வெட்டுகிறீர்கள். ட்ரேயிலேயே முழுவதும் ஆறவிட்டு, தாளோடு தூக்கி எடுத்து, மூடி ஒரு இரவு வைத்து மறுநாள் வெட்டுங்கள். வாளாக அறுக்காமல் மெல்லிய நீளக் கத்தியை மேலிருந்து ஒரே அழுத்தாக இறக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியால் துடைத்தால் ஓரம் சுத்தமாக வரும். மேலோடு கொஞ்சம் நொறுங்கத்தான் செய்யும், அது குறையல்ல.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? எறும்பை என்ன செய்வது?

இறுக்கமான டின்னில் வெளியே ஐந்தாறு நாள், பிரிட்ஜில் இரண்டு வாரத்துக்கு மேல், பிரீசரில் மூன்று மாதம் என்பது என் கணக்கு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலோரமாக இருப்பவர்கள் ஒரு நாள் குறைத்தே நினையுங்கள், உப்புக்காற்றின் ஈரம் மேலோட்டை இளகவைத்துவிடும். பிரிட்ஜில் இருந்தால் பரிமாற ஒரு மணிநேரம் முன் வெளியே எடுங்கள், குளிரில் பட்டரின் வாசனை எழாது. முழுவதும் ஆறுமுன் டின்னை மூடினால் ஆவி நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

எறும்புக்குப் பழைய வழியே நல்ல வழி. அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் டின்னை வையுங்கள். மருந்து தெளிக்க வேண்டாம்.

கனடாவுக்குக் கொண்டுபோக விரும்புகிறார்கள். எப்படிக் கட்டுவது?

பயணத்துக்கு முதல் நாள் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒயில் பேப்பரில் இறுகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். இடம் மிச்சமிருந்தால் தாளைக் கசக்கி அடையுங்கள், ஆடினால்தான் நொறுங்கும். போய் இறங்கியதும் பிரீசரில் வைத்துவிடலாம்.

எந்த நாடானாலும் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்றே சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கண்டிப்பு. படிவத்தில் குறிக்காமல் போனால் தண்டம் விழும். புறப்படுமுன் அந்த நாட்டின் விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரியம்மா ஒரு முறை சொல்கிறார், சித்தி இன்னொன்று. யார் சொல்வதைக் கேட்பது?

அந்த வருடம் யாருடைய சமையலறையில் சுடுகிறீர்களோ அவருடையதை. கறுவாவுக்குப் பதில் கராம்பு, தேசிக்காய்த் தோலுக்குப் பதில் தோடம்பழத் தோல், ஒரு மூடி பிராண்டி, பிராண்டியே கூடாது என்று வீட்டுக்கு வீடு மாறும். பிராண்டி மட்டும் யார் யார் சாப்பிடப்போகிறார்கள் என்று பார்த்துச் சேருங்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் ஒரு தட்டுப் போகும் என்றால் வேண்டாம். அடுத்த வருடம் மற்றவர் முறை. இரண்டையும் ஒரே கொப்பியில், யாருடையது என்று பெயரோடு எழுதிவையுங்கள்.

மிச்சம் ஐந்து வெள்ளைக்கரு இருக்கிறதே, என்ன செய்ய?

இரண்டு ட்ரே என்றால் பத்து. ஐஸ் கட்டித் தட்டில் குழிக்கு ஒன்றாக ஊற்றிப் பிரீசரில் வைத்தால் வேண்டும்போது எடுக்கலாம். அல்லது சுட்டு முடித்த ஒவனை 100 பாகைக்கு இறக்கி, ஒரு வெள்ளைக்கருவுக்கு 50 கிராம் பொடித்த சீனி என்ற கணக்கில் இறுக நுரைக்க அடித்துச் சின்னச் சின்னதாகத் தாளில் வைத்து, ஒன்றரை மணிநேரம் காயவிட்டு மெரிங் செய்யுங்கள். ஆறியதும் உடனே டின்னில் மூடிவிட வேண்டும், நம் ஊர் ஈரத்தில் அரை மணிநேரத்தில் பிசுபிசுத்துவிடும். அவற்றில் கஜு இல்லை, தேனும் இல்லை, ஆகவே கேக் சாப்பிட முடியாத பிள்ளைகளின் தட்டில் வைக்கலாம். ஆனால் ஒவ்வாமைப் பிள்ளைக்குக் கொடுப்பதானால் கஜு பட்ட பீட்டரும் பாத்திரமும் வேண்டாம், வேறு எடுத்துச் செய்யுங்கள்.